கட்டை முழுசாகப் படி, தம்பி



மேல்முறையீட்டுக்கு என்று நீ எழுதி அனுப்பிய வாதக் குறிப்பில் முதல் பதினோரு பக்கத்தையும் எடுத்துவிடு. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் தடா எப்படி வந்தது, பொடா எப்படிப் போனது, ஊபா எத்தனை முறை திருத்தப்பட்டது, அது யார் மேல் அதிகம் பாய்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எதுவும் தப்பில்லை. கருத்தரங்கில் வாசித்தால் கைதட்டுவார்கள். ஆனால் உன் கட்சிக்காரரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரக்கூடிய விஷயம் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது. பறிமுதல் மகஜரில் நேரம் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது, திருத்தத்துக்குக் கீழே கையெழுத்து இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். உன் மனு அங்கேதான் தொடங்க வேண்டும்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். உன் வயதில் இன்னும் பல பேர் இதேபோல் முதல் ஊபா அப்பீலைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவதைக் கேள்விப்படுவதால் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரும் வழக்கு விவரமும் இதில் வராது.

வழக்குக் கட்டு என் கைக்கு வந்த வழி உனக்குத் தெரியும். உன் கட்சிக்காரரின் அண்ணன் இங்கே துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஆயுசு முழுக்கக் கிரிமினல் பக்கம் நின்றுவிட்டு, இப்போது மகள் வீட்டோடு சிங்கப்பூரில் இருக்கிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று உண்டு. துவாஸ் லிங்க் ரயில் நிலையத்தில் இறங்கி, பையன்கள் தங்கியிருக்கிற விடுதிப் பக்கம் போய், அவர்கள் நீட்டும் காகிதங்களைப் படித்துச் சொல்வது. மற்றவர்கள் தேக்காவுக்குக் கிளம்பிய பிறகும் இந்த அண்ணன் மட்டும் தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “சார், தம்பி கையெழுத்துப் போட்டிருக்கானே, அப்புறம் எப்படி ஜெயிக்க முடியும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன்தான் இந்த அப்பீலை நடத்த முடியும்.

அப்பீல் நீதிபதி முன்னால் சாட்சி நிற்பதில்லை. அடி வாங்கியவன் நிற்பதில்லை, அடித்தவரும் நிற்பதில்லை. அவர் முன்னால் இருப்பது டைப்டு செட் மட்டும். ஆகவே போலீஸ் பொய் சொன்னது என்று நீ சொல்லி அவர் நம்பப்போவதில்லை. போலீஸ் எழுதிய காகிதமே இன்னொரு போலீஸ் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினால்தான் பேனாவை எடுப்பார்.

அக்‌ஷர்தாம் வழக்கைப் படித்தாயா? தலைக்குறிப்பை அல்ல, முழுத் தீர்ப்பை. 2002 செப்டம்பர் 24-ஆம் தேதி காந்திநகர் கோயிலுக்குள் இரண்டு பேர் புகுந்து சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த இருவரையும் மறுநாள் விடிவதற்குள் கமாண்டோக்கள் சுட்டுக் கொன்றார்கள். ஏறத்தாழ பதினோரு மாதம் எந்தத் துப்பும் இல்லை. 2003 ஆகஸ்ட் கடைசியில் வழக்கு குற்றப் பிரிவுக்கு மாறிய கையோடு கைதுகளும், போலீஸ் அதிகாரி பதிவுசெய்த ஒப்புதல் வாக்குமூலங்களும் வரிசையாக வந்தன. பொடா நீதிமன்றம் 2006-இல் மூன்று பேருக்குத் தூக்கு கொடுத்தது. உயர் நீதிமன்றம் 2010-இல் அதை உறுதிசெய்தது. வழக்கின் முதுகெலும்பு இரண்டு உருதுக் கடிதங்கள். செத்துப்போனவர்களின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாகவும், குற்றம்சாட்டப்பட்ட ஒருவர் எழுதிக் கொடுத்ததாகவும் அரசுத் தரப்பு சொன்னது.

இப்போது அந்தக் கடிதங்களை மனதில் ஒரு முறை கையில் எடுத்துப் பார். பிரேதப் பரிசோதனையின்படி அந்த உடல்கள் குண்டுகளால் துளைக்கப்பட்டவை. துணியெல்லாம் ரத்தமும் மண்ணும். அந்தப் பைக்குள் இருந்த காகிதத்தில் ஒரு ரத்தச் சொட்டு இல்லை, ஒரு துளை இல்லை, கசங்கல்கூட இல்லை. இதைக் கீழ் நீதிமன்றம் கடந்துபோனது. உண்மை கற்பனையைவிட விசித்திரமானது என்கிற தோரணையில் உயர் நீதிமன்றமும் கடந்துபோனது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பட்நாயக்கும் கோபால கவுடாவும் அந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். 2014 மே 16-ஆம் தேதி தண்டனை பெற்றிருந்த ஆறு பேரையும் விடுதலை செய்தார்கள். நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. செய்தித்தாள்களில் இந்தத் தீர்ப்புக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அந்தத் தீர்ப்பில் உனக்கு வேண்டியது கடிதம் மட்டும் இல்லை. வாக்குமூலம் வாங்கியபின் குற்றம்சாட்டப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் தலைமை நீதித்துறை நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பொடா சொன்னது. கொண்டுபோனார்கள். நடுவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, நீதிமன்றக் காவலுக்கும் அனுப்பவில்லை, திரும்பப் போலீசிடமே ஒப்படைத்தார். வழக்குத் தொடர அனுமதி கொடுத்த உள்துறையும் ஆவணங்களை மனம்செலுத்திப் பார்க்கவில்லை. இப்படி ஒவ்வொரு கதவிலும் யார் காவலிருந்தார், அவர் என்ன செய்யாமல் விட்டார் என்று நீதிபதிகள் பார்த்திருக்கிறார்கள். உன் கட்டிலும் அதே கதவுகள் இருக்கின்றன. ஊபாவின் 45-ஆம் பிரிவு அனுமதி ஆணையை எடுத்து, அதில் உன் கட்சிக்காரரைப் பற்றித் தனியாக ஒரு வாக்கியமாவது இருக்கிறதா பார். பட்டியலில் ஏழாவது பெயராக மட்டும் இருந்தால், அதுவே ஒரு வாதம்.

அப்புறம் தயவுசெய்து அசலைப் போய்ப் பார். செராக்ஸை வைத்துக்கொண்டு அப்பீல் நடத்தும் பழக்கம் உங்கள் தலைமுறைக்கு வந்துவிட்டது. செராக்ஸில் மையின் நிறம் தெரியாது, மடிப்பு தெரியாது, இரண்டு பேனா தெரியாது. லண்டன் உதாரணம் ஒன்று உண்டு. கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்புக்காக 1975-இல் ஆயுள் தண்டனை பெற்ற நால்வர் 1989 அக்டோபரில் வெளியே வந்தது எப்படி? விசாரணையின்போது அப்படியே கையால் குறித்தது என்று போலீஸ் சத்தியம் செய்த குறிப்புகளுக்கு, தட்டச்சு செய்து கையால் திருத்திய ஒரு வரைவு பழைய கோப்பில் கிடைத்தது. அந்தத் திருத்தங்கள் அத்தனையும் ‘அப்போதே எழுதிய’ கையெழுத்துக் குறிப்பில் ஒழுங்காக ஏறியிருந்தன. அப்புறம் நீதிமன்றத்துக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

நம் ஊர் மகஜருக்கு வருகிறேன். உன் வழக்கில் ஊபா என்பதால் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. தடாவின் 15-ஆம் பிரிவும் பொடாவின் 32-ஆம் பிரிவும் ஊபாவில் இல்லை. ஆனால் முன்வாசலை அடைத்தாலும் பின்வாசல் ஒன்று உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, இப்போது 2023 சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்கு வந்த விதிவிலக்கு. குற்றம்சாட்டப்பட்டவர் சொன்னதன் பேரில் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சேர்ந்த அளவு மட்டும் உள்ளே வரலாம். எந்த அளவு என்பதைக் குண்டூரிலிருந்து போன புலுகுரி கோட்டயா வழக்கில் பிரிவி கவுன்சில் என்றைக்கோ வரையறுத்துவிட்டது. இருந்தும் உன் தீர்ப்பில் விசாரணை நீதிபதி மூன்று பக்க வாக்குமூலத்தை முழுசாக எடுத்தெழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்ளத்தக்க பகுதி எது, வெட்ட வேண்டியது எது என்று இரண்டு நிற மையால் குறித்து இணைப்பாகக் கொடு. வெட்டியபின் மிஞ்சுவது ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியில் ஒரு பை இருக்கும், ஓர் இடம் இருக்கும். சதி இருக்காது.

மகஜர் சாட்சி யார்? வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். தமிழ்நாட்டில் வேறு யார் வருவார்கள்! அவர்களைக் குறைசொல்லிப் பயன் இல்லை, இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டிய நிலை அவர்களுடையது. ஆனால் வி.ஏ.ஓ. அன்றைக்குத் தன் கிராமத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அவருடைய அலுவலகத்தில் வேறு காகிதம் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டிருக்கிறார்களா பார். கேட்கவில்லை என்றால் இப்போது புதிதாக நீ எதையும் நுழைக்க முடியாது, கேட்டுவிட்டு விட்டிருந்தால் அங்கே பிடி. பொருள் நீதிமன்றத்துக்குப் போன தேதியையும் பார். கைப்பற்றிய நாளுக்கும் நீதிமன்றம் பெற்ற நாளுக்கும் நடுவில் அது எந்த அலமாரியில், யார் பூட்டில் இருந்தது? சீல் மாதிரி அனுப்பினார்களா? இங்கே சிங்கப்பூரில் பார்த்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணின் திருட்டு வழக்கு இந்த ஒரு கேள்வியில்தான் பாதி உடைந்தது. புகார் கொடுத்தது 2016 அக்டோபர் 30. போலீஸ் அந்தப் பொருள்களைக் கைப்பற்றியது டிசம்பர் 3. நடுவில் ஐந்து வாரம் அவை புகார் கொடுத்தவர்கள் கையிலேயே இருந்தன. பார்த்தியின் சில வாக்குமூலங்கள் இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எடுக்கப்பட்டவை. 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அது பயங்கரவாத வழக்கு இல்லைதான். ஆனால் காகிதம் நடந்த பாதையை எப்படித் தேதி தேதியாகக் கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து அண்மையில் இல்லை.

அடுத்து, உன் கட்சிக்காரரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடு. நீ எல்லா இடத்திலும் ‘மேல்முறையீட்டாளர்கள்’ என்று பன்மையில் எழுதுகிறாய். சதி வழக்கில் பன்மை அரசுத் தரப்புக்குச் சாதகம். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28-ஆம் தேதி பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. தடா வழக்கு ஆகையால் உயர் நீதிமன்றம் கிடையாது, நேரே உச்ச நீதிமன்றம். 1999 மே 11-ஆம் தேதி வந்த தீர்ப்பில் 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள், 4 பேருக்குத் தூக்கும் 3 பேருக்கு ஆயுளும் நின்றன. அந்த 19 எப்படி வந்தது? ஒவ்வொருவராக எடுத்து, கொலை நடந்த மே 21-க்கு முன்னால் இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டதால் வந்தது. பலபேர் செய்தது சம்பவத்துக்குப் பின் இடம் கொடுத்தது மட்டும் என்று தெரிந்தது. அதற்குச் சதி என்று பெயர் இல்லை.

அதே தீர்ப்பில் எனக்கு இன்றுவரை செரிக்காத ஒன்றும் உண்டு. தடாக் குற்றம் இந்த வழக்கில் நிற்காது என்று சொன்ன அதே அமர்வு, தடாவின்கீழ் போலீஸ் எஸ்.பி. எடுத்த வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டது. சேர்ந்து நடந்த விசாரணை என்பதால் அது செல்லும் என்றார்கள். அப்படி நின்ற வாக்குமூலங்களில் ஒன்று பேரறிவாளனுடையது. கைதாகும்போது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்று அதில் இருந்தது. எதற்கென்று தெரியாது என்றும் அவர் சொன்னார், அந்தப் பகுதியை நான் எழுதவில்லை என்று அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் பகிரங்கமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கழித்து! 2014-இல் தூக்கு ஆயுளானது கருணை மனுவின் தாமதத்தால். 2022 மே 18-ஆம் தேதி விடுதலை வந்தது அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தால். கவனி, குற்றத்தீர்ப்பு ரத்தாகவில்லை. அந்தக் காகிதம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே வாக்குமூலத்தில் இருப்பதைப் படிப்பதைப்போல் இல்லாததையும் படிக்கப் பழகு. கேள்விகள் எங்கே? ஒரு மனிதன் மூன்று பக்கம் தங்குதடையின்றி, தேதி பிசகாமல், தனக்கு எதிரானதை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவானா? அவனுக்குச் சாதகமான ஒரே ஒரு வாக்கியம்கூட இல்லாத வாக்குமூலத்தை நான் நம்ப மறுப்பேன், நீதிபதியும் மறுக்க நீ காரணம் கொடுக்க வேண்டும்.

கையெழுத்து என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த அண்ணனிடம் சட்டம் பேசாமல் அவருடைய விடுதியிலேயே நடந்ததைக் காட்டினேன். பக்கத்து அறைப் பையன் ஒருவனுக்குச் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. கம்பெனியில் அவனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது, ஏழெட்டு வரி. மேற்பார்வையாளர் சொன்னதைக் கேட்காமல் என் கவனக்குறைவால் விழுந்தேன் என்று அதில் இருந்தது. பையனுக்கு ஆங்கிலத்தில் தன் பெயரும் வொர்க் பர்மிட் எண்ணும் எழுத வரும். வலது மணிக்கட்டில் கட்டு, ஆகவே இடது கையால் கோணல்மாணலாகப் போட்டிருந்தான். “என்ன எழுதியிருக்குன்னு கேட்டியா?” என்றேன். “லீவு லெட்டர்னு சொன்னாங்க சார்” என்றான். அண்ணன் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தம்பியைப் பற்றி அந்தக் கேள்வியை என்னிடம் திரும்பக் கேட்கவில்லை.

கையெழுத்தைவிட மோசம் கைநாட்டு. மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர் நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை நீ கட்டாயம் படிக்க வேண்டும், தோற்ற வழக்கு என்பதால் இன்னும் கவனமாக. 1993 ஜூலையில் பிடிபட்டார். தமிழ் மட்டும் தெரிந்தவர். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும் மட்டும் இருந்த அறையில் வாக்குமூலம் பதிவானது. மொழிபெயர்த்தவரும் தட்டச்சு செய்தவரும் அதே கான்ஸ்டபிள். சிங்களத்தில் இருந்த தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றபோது பலவந்தமாகக் கைநாட்டு வைக்கப்பட்டதாக அவர் சொன்னார். யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீது நடந்த தாக்குதல்கள் வரை அவர் தலையில் ஏறின. ஆதாரம் அந்த ஒரு தாள். 1995-இல் 50 வருஷச் சிறை.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. போலீசிடம் சொன்ன ஒப்புதலுக்கு இந்தியாவின் பழைய 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த தடை இலங்கையின் 1895 சட்டத்திலும் அதே எண்ணில் உண்டு, 25-ஆம் பிரிவு. சிங்கப்பூரில் அந்தத் தடை இல்லை, ஆனால் மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் தானாகக் கொடுத்தது என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இலங்கையின் அந்த 1979 பயங்கரவாதத் தடைச் சட்டமோ தடையையும் எடுத்துவிட்டு, தானாகக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரத்தையும் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் வைத்தது. சிங்கராசாவிடம் மருத்துவ அறிக்கை இருந்தது. முதுகில் தழும்பு, இடது கண்ணின் கருவிழியில் வடு, பார்வை நிரந்தரமாகக் குறைந்திருந்தது. அடித்திருந்தால் நடுவரிடம் அப்போதே சொல்லியிருப்பாரே என்று சொல்லி நீதிமன்றம் அதை ஒதுக்கியது. நடுவரைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது அதே போலீசிடம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 50-ஐ 35 ஆக்கியது, குற்றத்தீர்ப்பைத் தொடவில்லை. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. வழக்கு ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போய், 2004 ஜூலையில் அந்தக் குழு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, பாரத்தை அவர்மேல் வைத்தது தவறு, விடுதலையோ மறுவிசாரணையோ கொடுக்க வேண்டும் என்றது. அதை எடுத்துக்கொண்டு திரும்ப உச்ச நீதிமன்றம் போனபோது, 2006 செப்டம்பரில் தலைமை நீதியரசர் சரத் என். சில்வாவின் அமர்வு, அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்பாட்டில் 1997-இல் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் புறம்பு என்று முடித்துவிட்டது.

தோற்றாலும் ஏன் படிக்கச் சொல்கிறேன்? விசாரணை நீதிமன்றத்திலேயே அவருடைய வக்கீல்கள் மருத்துவ அறிக்கையையும், மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் பதிவில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஜெனீவாவில் வாசிக்க ஒன்றும் இருந்திருக்காது. உன் வழக்கிலும் முதல் ரிமாண்டின்போது நடுவர் எழுதிய குறிப்பை வாங்கு. ‘புகார் ஏதும் இல்லை’ என்று ரப்பர் ஸ்டாம்பு அடித்திருக்கும். அன்றைக்கு எத்தனை பேரை அந்த நடுவர் முன் நிறுத்தினார்கள், அத்தனை பேருக்கும் அதே வாசகமா என்று பார். சிறையில் சேர்க்கும்போது உடல் காயங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டையும் கேள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் உனக்கு ஒரு வலுவான காரணம் கிடைத்துவிட்டது.

நீ இணைத்திருக்கும் மலேசிய வழக்கை வைத்துக்கொள், ஆனால் சுருக்கு. துவாஸிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஜொகூர். அந்த நாட்டில் 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்து, 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்கைக் கைவிட்டார். கைப்பேசியில் ஒரு தலைவரின் படம் வைத்திருப்பது பயங்கரவாதம் ஆகாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. உன் கட்சிக்காரரின் போனில் இருந்த படங்களுக்கு அது உதவும். ஆனால் அது குற்றத்தீர்ப்புக்கு முன்னால் நின்ற வழக்கு, முன்னுதாரணமாகக் காட்டாதே. சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இழுக்காதே. அதில் விசாரணையே கிடையாது, தடுப்புக்காவல்தான். தீர்ப்பு இல்லாத இடத்தில் அப்பீல் ஏது?

நாள் கணக்கு. என்.ஐ.ஏ. சட்டத்தின் 21-ஆம் பிரிவில் 30 நாள், தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தின் எழுத்துப்படி 90 நாளே எல்லை. மற்ற அப்பீல்களில் பழகிய தாராளத்தை இங்கே எதிர்பார்க்காதே. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவைத் தனியாகப் போடு, அதில் மகஜர் விஷயம் முழுவதையும் கொட்டிவிடாதே. அந்த நிலையிலேயே நீதிபதி அதைப் பற்றி எதிராக ஒரு வரி எழுதிவிட்டால் பிரதான வாதத்தில் அதைக் கழுவுவது கஷ்டம். கைது செய்த நேரம், வீட்டாருக்குத் தகவல் சொன்ன நேரம், உள்ளே கழித்த வருஷங்கள், இவை போதும்.

அண்ணன் அனுப்பும் பணத்துக்கு ரசீது கொடு. இங்கே ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம், ஏற்கெனவே ஊரில் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு போனையே எடுக்கவில்லையாம். வழக்கு எப்போது பட்டியலில் வரும் என்று தேதி எதுவும் சொல்லிவிடாதே, சொன்னால் அந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பகலில் கூப்பிட வேண்டாம், யார்டுக்குள் போனை எடுத்துப்போக விடுவதில்லை. லாரி விடுதிக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட ஒன்பது மணி ஆகும், உனக்கு அது மாலை ஆறரை. அப்போது கூப்பிடு. புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் இல்லை என்று சொல்லவாவது கூப்பிடு.

அன்புடன்,
துவாஸிலிருந்து, உன் பழைய சீனியர்களில் ஒருவன்